வடகம் விற்கும் முன் வாசிக்க வேண்டியவை

பாபநாசத்தில் இருக்கும் என் சித்தி வடகம் போட்டு விற்க ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. சின்ன வெங்காயத் தாளிப்பு வடகம், கூழ் வடகம், மோர் மிளகாய், நார்த்தங்காய் ஊறுகாய் என்று நாலே நாலு பொருள்தான். மொட்டை மாடி, இரண்டு பழைய வேட்டி, காக்கா விரட்ட ஒரு குச்சி. இதுதான் ஃபேக்டரி. வாங்குபவர்கள் முக்கால்வாசிப் பேர் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் தஞ்சாவூர்க்காரர்கள்.

போன மாதம் போனில் ரொம்ப உற்சாகமாகப் பேசினார். "நானும் கவர்மெண்ட்ல பதிஞ்சுட்டேம்மா. சர்டிபிகேட் வந்துடுச்சு. 2,499 ரூபாய்தான் ஆச்சு."

"எதுக்கு சித்தி 2,499?"

"உத்யம்னு ஒண்ணு இருக்காமே. அதுக்கு ஃபீஸ்."

"அதுக்கு ஃபீஸே கிடையாது சித்தி."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு மெதுவாக, "நாலஞ்சு கிலோ வடகத்தோட காசும்மா" என்றார்.

அவர் பணம் கட்டிய தளத்தை நானும் திறந்து பார்த்தேன். மூவர்ணக் கோடு, நீல எழுத்து, பெரிதாக ஒரு 'விண்ணப்பிக்க' பட்டன். பார்த்தால் அரசாங்கம் மாதிரியேதான் இருக்கிறது. ஆனால் பக்கத்தின் அடியில், எறும்பு அளவு எழுத்தில், 'இது தனியார் ஆலோசனை நிறுவனம்' என்று ஒரு வரி. சான்றிதழ் உண்மையாகவே வந்துவிட்டது. அதனால் மோசடி என்று சண்டைக்கும் போக முடியாது. தெருக்குழாயில் சும்மா வரும் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக் கொடுத்துவிட்டு 2,499 ரூபாய் கூலி வாங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அன்றைக்கே இந்த வாரத்துக்கான விஷயம் கிடைத்துவிட்டது. வீட்டிலிருந்தே தொழில் செய்கிறவர்களும், ஃப்ரீலான்ஸாக வேலை செய்கிறவர்களும் போனில் படிக்க வேண்டிய பக்கங்கள் எவை? 'மாதம் 1 லட்சம் சம்பாதிப்பது எப்படி' வீடியோக்களை நான் சொல்லவில்லை. அவற்றில் சம்பாதிப்பது வீடியோ போட்டவர் மட்டும்தான். நான் சொல்லப்போகிற பக்கங்கள் கொஞ்சம் வறட்சியாக இருக்கும். பின்னணி இசை இருக்காது. ஆனால் பத்து நிமிடம் பொறுமையாகப் படித்தால் 2,499 ரூபாய் மிச்சமாகும்.

முதலில் முகவரி

கூகுளில் 'உத்யம் பதிவு' என்று தேடினால் மேலே வருவது பல நேரம் விளம்பரம். பக்கத்தில் பொடியாக 'ஸ்பான்சர்டு' என்று போட்டிருக்கும். அதைத் தாண்டிக் கீழே வாருங்கள். முகவரியின் வால் 'டாட் கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் உத்யம் பதிவுக்கான அரசுத் தளம் இல்லை.

உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆதார் எண், பான் எண், ஆதாரோடு இணைத்த மொபைல் எண் இருந்தால் போதும். எந்தக் காகிதத்தையும் அப்லோடு செய்ய வேண்டாம். நீங்கள் சொல்வதுதான் கணக்கு. கட்டணம் இல்லை, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியதும் இல்லை. பான் கார்டே இல்லாத மிகச் சிறிய தொழில்களுக்கு 'உத்யம் அசிஸ்ட்' என்று தனி வழி 2023-ல் வந்தது. அதில் வங்கிகள் மூலம் பதியலாம்.

"நான் அவ்வளவு பெரிய ஆளா?" என்று கேட்காதீர்கள். குறு நிறுவனம் என்றால் இயந்திர முதலீடு 2.5 கோடி ரூபாய்க்குள், வருட விற்பனை 10 கோடிக்குள் என்று 2025 ஏப்ரல் 1 முதல் வரம்பை உயர்த்தியிருக்கிறார்கள். இது உச்சவரம்புதான். கீழே எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். சித்தியின் மூலதனம் இரண்டு வேட்டியும் ஒரு மிக்ஸியும். அவரும் குறு நிறுவனம்தான். வீட்டில் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறவரும், ஆரி வேலை செய்து கொடுக்கிறவரும், கடைகளுக்கு டேலி கணக்கு எழுதுகிறவரும் குறு நிறுவனம்தான். படிவத்தில் 'உற்பத்தி', 'சேவை' என்று கேட்கும் இடத்தில் மட்டும் நிதானமாகத் தேர்ந்தெடுங்கள். இந்தப் பதிவு எதற்கு உதவும் என்பதைக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன். அதில் ஒரு கதை இருக்கிறது.

100 ரூபாய் விஷயம்

உணவு விற்கிறவர்களுக்கு உத்யம் மட்டும் போதாது. இது நிறையப் பேருக்குக் குழப்பமாக இருக்கிறது. "வீட்டு அடுப்பில்தானே செய்கிறோம், தெரிஞ்சவங்களுக்குத்தானே கொடுக்கிறோம்" என்பார்கள். காசு வாங்கி விற்றால் அது உணவு வணிகம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) பதிய வேண்டும். 2011 விதிமுறைகளில் வருட விற்பனை 12 லட்சம் வரை உள்ளவர்களுக்கு எளிய பதிவு போதும் என்றும், அதற்கு வருடத்துக்கு 100 ரூபாய் என்றும் வைத்தார்கள். வரம்பும் கட்டணமும் அவ்வப்போது மாறக்கூடியவை. அதனால் நான் சொன்னேன் என்று நம்பாமல், 'ஃபாஸ்காஸ்' என்ற அந்த ஆணையத்தின் தளத்திலேயே அன்றைய நிலவரத்தைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். புகைப்படம், அடையாள அட்டை, முகவரி விவரம் போதும். இதற்கும் 3,000, 4,000 என்று வாங்கும் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள்.

கிடைப்பது 14 இலக்க எண். சில பேர் பக்கத்து வீட்டுக்காரர் எண்ணையோ, மாவு அரைக்கும் மில்லின் எண்ணையோ கவரில் அச்சடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நாளைக்கு உங்கள் ஊறுகாயில் பிரச்னை வந்தால் மில்காரர் மாட்டிக்கொள்வார், அவர் மாவில் பிரச்னை வந்தால் உங்களைத் தேடி வருவார்கள்.

அதே ஆணையத்தின் தளத்தில் 2020-ம் வருட லேபிள் விதிமுறை இருக்கிறது. நீளமான ஆவணம். முழுக்கப் படிக்க வேண்டாம், பாக்கெட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பகுதியை மட்டும் பாருங்கள். பொருளின் பெயர், சேர்மானங்கள் (அதிக எடை உள்ளது முதலில், குறைவானது கடைசியில்), நிகர எடை, செய்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், பேட்ச் எண், உங்கள் பெயர் முகவரி, பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், 14 இலக்க எண். சித்தியின் கவரில் அதுவரை இருந்தது ஒரு மயில் படமும், 'கைப்பக்குவம்' என்ற வார்த்தையும், போன் நம்பரும்தான்.

நம் டெல்டா பக்கம் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் தொடங்கிய நெல் திருவிழாவுக்குப் பிறகு, மாப்பிள்ளை சம்பா, பூங்கார், காட்டுயானம், கறுப்புக் கவுனி என்று பாரம்பரிய அரிசிகளுக்கு மறுபடியும் மதிப்பு வந்திருக்கிறது. அவர் தேடிச் சேர்த்தவை 174 ரகங்கள். இன்றைக்கு எத்தனையோ வீடுகளில் அவல், கஞ்சி மாவு, புட்டு மாவு என்று செய்து விற்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் கவரில் 'சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்', 'மூட்டு வலி போகும்' என்று அடித்துவிடுகிறார்களே, அது சட்டப்படி தவறு. உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாது. 'இயற்கையான', 'பாரம்பரியமான' போன்ற சொற்களைக்கூட எப்போது போடலாம் என்று 2018-ல் தனி விதிமுறையே வந்திருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு உங்கள் கஞ்சி மாவை நம்பும் ஒரு பெரியவரை நினைத்துப் பாருங்கள். எனக்கு அந்த பயம்தான் சட்டத்தைவிடப் பெரியது.

புதுக்கோட்டை சாலையில் ஒரு பள்ளிக்கூடம்

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் அந்த வளாகத்தைப் பார்த்திருப்பார்கள். இப்போது அதன் பெயர் 'நிஃப்டெம் தஞ்சாவூர்'. உணவுத் தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனம். பெயர் மாறிக்கொண்டே வந்ததால் ஊரில் இன்னும் பழைய பெயர்களில்தான் சொல்கிறார்கள்.

அதன் ஆரம்பம் நம் வயலில்தான். குறுவை அறுப்பு நேரத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். களத்தில் கிடக்கும் நெல் நனைந்து, சூடேறி, முளைத்துவிடும். ஈர நெல்லை வைத்துக்கொண்டு விவசாயி படும் பாடு நம் எல்லோருக்கும் தெரியும். அந்த நெல்லை எப்படிக் காப்பாற்றுவது என்று ஆராய 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் ஒரு சின்ன ஆய்வகமாகத் தொடங்கியது. 1972-ல் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையம் ஆனது, 1984-ல் தஞ்சாவூருக்கு வந்தது, 2021-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆனது.

வீட்டுத் தொழில்காரர்களுக்கு இதில் என்ன? 2020-ல் மத்திய அரசு குறு உணவுத் தொழில்களுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. சுருக்கமாக 'பி.எம்.எஃப்.எம்.இ.' என்பார்கள். அதற்கான பயிற்சிப் பாடங்களை உருவாக்கும் பொறுப்பைப் பெற்ற இரண்டு நிறுவனங்களில் ஒன்று இந்தத் தஞ்சாவூர் நிறுவனம். அந்தப் பாடங்கள் திட்டத்தின் தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. ஒவ்வொரு பொருளுக்கும் கையேடு, வீடியோ, மாதிரித் திட்ட அறிக்கை. என்ன மூலப்பொருள், எந்த வரிசையில் வேலை, என்ன இயந்திரம், எப்படி பேக்கிங், என்ன விதிமுறை என்று ஒன்றுவிடாமல் எழுதியிருப்பார்கள். ஊறுகாய், மசாலாப் பொடி, அரிசிப் பொருள்கள், தேங்காய், வாழை என்று நம் கைக்குப் பழகியவை நிறைய.

ஆங்கிலமாக இருந்தால் தயங்காதீர்கள். போனிலேயே பக்கத்தைத் தமிழாக்கிப் படிக்கலாம். தமிழ் சில இடங்களில் சிரிப்பாக வரும். பரவாயில்லை. எடை, வெப்பநிலை, நேரம் போன்ற எண்களை மட்டும் ஆங்கில மூலத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கூடவே தமிழிலேயே படிக்க, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் 'அக்ரிடெக்' தளம் இருக்கிறது. அதில் அறுவடைக்குப் பின் செய்யும் வேலைகள், மதிப்புக்கூட்டல் பற்றி நல்ல பக்கங்கள் உண்டு.

படித்தால் என்ன மாறும் என்று கேட்பீர்கள். சித்தியின் வடகம் மழைக்காலத்தில் பூசணம் பிடித்துத் திரும்பி வரும். "வெயில் பத்தலை" என்பார். அடுத்த தடவை கூட இரண்டு நாள் காய வைப்பார். அப்படியும் சில பாக்கெட் திரும்பும். காரணம் மொட்டை மாடியில் இல்லை, பாக்கெட்டுக்குள் இருந்தது. வெயிலில் சுட்டுக்கொண்டிருக்கும் வடகத்தை அப்படியே அள்ளிக் கவரில் போட்டு ஒட்டிவிடுவார். சூடு ஆறும்போது உள்ளே வியர்க்கும். அந்த ஈரம் போதும் பூசணத்துக்கு.

இந்தக் கையேடுகளில் அடிக்கடி ஒரு சொல் வரும்: 'வாட்டர் ஆக்டிவிட்டி'. பொருளில் மொத்தம் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது ஒரு கணக்கு. அதில் கிருமிகள் எடுத்துப் பயன்படுத்தும் நிலையில் எவ்வளவு இருக்கிறது என்பது இன்னொரு கணக்கு. இரண்டாவதுதான் முக்கியம். சுத்தத் தண்ணீருக்கு இது 1. 0.6-க்குக் கீழே போய்விட்டால் பூசணமோ பாக்டீரியாவோ வளர வழியில்லை. ஊறுகாயில் உப்பைக் குறைத்தால் ஏன் கெடுகிறது என்பதற்கும் இதுதான் விடை. உப்பு தண்ணீரைத் தன் பக்கம் பிடித்துவைத்துக்கொள்கிறது, கிருமிக்குக் கொடுப்பதில்லை. 'குறைந்த உப்பு ஊறுகாய்' என்று வாடிக்கையாளர் ஆசைப்பட்டுக் கேட்டால் உடனே சரி சொல்லாமல், அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிட்டு முடிவெடுங்கள். முறுக்கு, சீடை செய்கிறவர்களுக்கு எதிரி வேறு. காற்றும் வெளிச்சமும். கண்ணாடிக் கவரில் போட்டுக் கடை வாசலில் வெயில் படத் தொங்கவிட்டால் எண்ணெய் காறல் வாடை அடிக்காமல் என்ன செய்யும்?

மாதிரித் திட்ட அறிக்கை பற்றி ஒரு எச்சரிக்கை. வங்கிக்குப் போகும்போது அது பயன்படும். ஆனால் அதில் இருக்கும் விலைகள் பழையவை, அளவும் பெரியது. 'ஒரு நாளைக்கு 500 கிலோ' என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துக் கடன் வாங்காதீர்கள். வடிவத்தை எடுத்துக்கொண்டு, எண்களை உங்கள் அடுப்புக்குத் தக்கபடி எழுதுங்கள். இந்தத் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியமும், மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனமும் என்று வைத்திருந்தார்கள். திட்டக் காலம் 2024-25 வரை என்று இருந்ததை ஒரு வருடம் நீட்டினார்கள். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டு மேற்கொண்டு யோசியுங்கள். பாடங்களைப் படிக்க மானியம் தேவையில்லை.

ஏழு மாதம் வராத பணம்

இனி ஃப்ரீலான்ஸ் நண்பர்களுக்கு. கும்பகோணத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெண், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பும் புத்தக லேஅவுட்டும் செய்கிறார். வெளியூர் நிறுவனம் ஒன்றுக்கு வேலை முடித்துக் கொடுத்து 38,000 ரூபாய்க்கு பில் அனுப்பினார். 'அடுத்த வாரம்' என்றார்கள். பிறகு 'அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்ல இருக்கு' என்றார்கள். பிறகு போனையே எடுக்கவில்லை. ஏழு மாதம். "அக்கா, வேலை நல்லா இல்லைன்னு நினைச்சிட்டாங்களோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு" என்றார். பணம் வராததைவிட இந்தச் சந்தேகம்தான் இவர்களை உடைக்கிறது.

அவரிடம் உத்யம் சான்றிதழ் இருந்தது. வங்கியில் கேட்டார்கள் என்று முன்பே எடுத்து, ஃபைலில் போட்டு மறந்திருந்தார். அதை எடுக்கச் சொன்னேன். கூடவே, 2006-ம் வருடக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தின் 15, 16-ம் பிரிவுகளைப் படிக்கச் சொன்னேன். 'இந்தியா கோட்' என்ற அரசுத் தளத்தில் சட்டங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அந்த இரண்டு பிரிவும் சேர்ந்து ஒரு பக்கம்கூட வராது.

அதில் இருப்பது இதுதான். பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள் பணம் தர வேண்டும். ஆனால் ஒப்பந்தத்தில் என்ன எழுதினாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 6 என்று வைத்துக்கொண்டால் வட்டி 18. வேலையில் குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். அந்தப் பெண்ணின் சந்தேகத்துக்குச் சட்டத்திலேயே பதில் இருந்தது.

இன்னொரு பிடியும் உண்டு. இந்தக் கெடுவுக்குள் பணம் தராத நிறுவனம், தன் வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவை அந்த வருடமே கழித்துக்கொள்ள முடியாது. பணம் கொடுத்த வருடத்தில்தான் கழிக்கலாம். 2023-24 கணக்கு வருடத்திலிருந்து இந்த விதி இருக்கிறது. மார்ச் மாதம் நெருங்கினால் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனுக்குத் திடீரென்று உங்கள் ஞாபகம் வருவது இதனால்தான்.

அவர் சண்டை போடவில்லை. நாலு வரியில் ஒரு மெயில் போட்டார். பில் தேதி, உத்யம் எண், 15-ம் பிரிவு, 'சமாதான்' தளத்தில் புகார் பதியும் முன் இந்த நினைவூட்டல் என்று. ஒன்பதாவது நாள் அசல் 38,000 வந்தது. வட்டி வரவில்லை. "விட்டுடுறேங்க்கா, திரும்ப வேலை கொடுப்பாங்க" என்றார். எனக்குச் சம்மதமில்லை, ஆனால் வேலையும் பணமும் அவருடையது. வட்டியும் வேண்டும் என்றால் 2017-ல் தொடங்கிய அந்த 'சமாதான்' தளத்தில் பதியலாம். புகார் மாநிலத்தில் உள்ள வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகும்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். வேலையை எடுக்கும் முன்பே உத்யம் பதிவு இருக்க வேண்டும். பணம் நின்ற பிறகு ஓடிப்போய்ப் பதிந்தால் வழக்கில் அதுவே தகராறு ஆகும். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்த 45 நாள் பாதுகாப்பு இல்லை. உற்பத்திக்கும் சேவைக்கும்தான். பில்லின் மேலேயே உத்யம் எண்ணை அச்சடித்துவிடுங்கள். கேட்காமலே பாதிப் பேர் ஒழுங்காகிவிடுவார்கள்.

வரி பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நிறுவனங்கள் உங்கள் கூலியில் பிடிக்கும் டி.டி.எஸ். தொலைந்துபோன பணம் இல்லை. வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்தால் யார், எவ்வளவு பிடித்தார்கள் என்று தெரியும். வரி வரம்புக்குக் கீழே இருந்தால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். ஜி.எஸ்.டி. பதிவு, தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு வருட விற்பனை 40 லட்சத்துக்கு மேல், சேவைக்கு 20 லட்சத்துக்கு மேல். 'ஜி.எஸ்.டி. இல்லாமல் ஆன்லைன் தளங்களில் விற்கவே முடியாது' என்பது பழைய கதை. 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்குள் இருக்கும் சிறு விற்பனையாளர் ஒரு பதிவு எண் வாங்கிக்கொண்டு மாநிலத்துக்குள் விற்கலாம். வெளி மாநிலத்துக்குப் பொருள் விற்பது வேறு விதி, அதற்கு ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சித்திக்கு பெங்களூர் ஆர்டர்கள் இருப்பதால் நாங்களும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

தொழில் கற்றுக்கொள்ளவும் நல்ல இடங்கள் இருக்கின்றன. மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' தளத்தில் கணக்கு எழுத லிப்ரே ஆபீஸ் கால்க், லேபிள் வரைய இங்க்ஸ்கேப், படம் திருத்த கிம்ப் எல்லாம் தமிழ்க் குரலிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். மென்பொருளும் இலவசம், பாடமும் இலவசம். ஒவ்வொன்றும் பத்து நிமிடம் அளவுக்குத்தான். மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தமிழக அரசின் 'சொற்குவை' தளம் உதவும். கலைச்சொல்லுக்குத் திண்டாடும்போது பாருங்கள், எல்லாமே பிடிக்கும் என்று சொல்லமாட்டேன்.

வீட்டில் தஞ்சாவூர் ஓவியம், தலையாட்டி பொம்மை, நெட்டி வேலை செய்கிறவர்கள் புவிசார் குறியீட்டுப் பதிவகத்தின் தளத்தைப் பாருங்கள். பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. குறியீடு ஒரு சங்கத்தின் பெயரில் இருக்கும். நீங்கள் உண்மையாகவே அந்தப் பொருளைச் செய்கிறவர் என்றால் 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்' என்று தனியாகப் பதியலாம். இதற்கான விண்ணப்பக் கட்டணத்தை 2020-ல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்தார்கள். நம் ஊர்க் கைவினைஞர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஒரு திருட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "நான் ஆர்மியில இருக்கேன், கேம்ப்புக்கு 50 கிலோ வேணும்" என்று போன் வரும். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருப்பதால் நம்பத் தோன்றும். அட்வான்ஸ் அனுப்புவதாகச் சொல்லி ஒரு க்யூ.ஆர். படம் அனுப்பி, ஸ்கேன் செய்து பின் நம்பர் போடச் சொல்வார்கள். பணம் வாங்க எப்போதும் பின் நம்பர் தேவையில்லை. போட்டால் உங்கள் பணம்தான் போகும். போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள், தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கணக்கு மாறிக்கொண்டிருக்கும். ரிசர்வ் வங்கி 'ராஜுவும் நாற்பது திருடர்களும்' என்ற பெயரில் இந்த மாதிரி 40 விதத் திருட்டுகளைப் படக்கதையாகவே போட்டிருக்கிறது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள், அவர்கள் பாட்டிக்குக் கதை சொல்வார்கள்.

சித்தி இப்போது மத்தியான வேளையில் மாடிப்படியில் உட்கார்ந்து, ஒரு கையில் காக்கா குச்சியும் இன்னொரு கையில் போனுமாகப் படிக்கிறார். மயில் படத்தை எடுக்கச் சம்மதிக்கவில்லை. ஆனால் அதன் கீழே சேர்மானங்கள் வரிசையாக வந்துவிட்டன. வடகம் ஆறிய பிறகுதான் கவர். நேற்று ராத்திரி ஒன்பதரைக்குப் போன் செய்தார்.

"ஏம்மா, முறுக்கு பாக்கெட்ல நைட்ரஜன் அடைக்கறாங்களாமே, போட்டிருக்கான். அது சிலிண்டர்ல வருமா? நம்ம பாபநாசத்துல எங்க கிடைக்கும்?"

"நீங்கதான் முறுக்கே போடறதில்லையே சித்தி."

"தீபாவளிக்குப் போடலாம்னு இருக்கேன்."